மேலே இருந்த இரண்டு வரி

"எதுக்கு எழுதினது அது?"

மேடத்திடம் யார் எந்தப் புரோகிராமைக் கொண்டுவந்து காட்டினாலும் முதலில் இதைத்தான் கேட்பார். ஓடுகிறதா, எத்தனை வரி, எங்கே தப்பு வருகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எதற்காக எழுதியது என்று தெரியாமல் அவர் ஸ்க்ரீனைக்கூடச் சரியாகப் பார்க்க மாட்டார். காட்ட வந்தவன் விழிப்பான். நெட்டிலிருந்து எடுத்தது என்பான். "நெட்டுக்கு யாரோ எழுதிப் போட்டாங்கல்ல, அவுங்க எதுக்கு எழுதினாங்க?" என்பார்.

சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் புராஜெக்ட் சென்டர் இருந்தது. கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகள் ஒரு தலைப்போடு வருவார்கள். போர்டு, புரோகிராம், ரிப்போர்ட் எல்லாவற்றையும் நாங்கள் செய்து கையில் கொடுத்து, வாத்தியார் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவோம். 2008லிருந்து நாலு வருஷம் அங்கே இருந்தேன். வேலை செய்தது இரண்டே பேர்தான். பிள்ளைகள் எதிரில் நான் சார், அவர் மேடம். அவர்கள் படியிறங்கிப் போன பிறகும் நாங்கள் அப்படியேதான் கூப்பிட்டுக்கொண்டோம். இத்தனை வருஷம் கழித்தும் மனதுக்குள் அவர் பெயர் வருவதில்லை, மேடம் என்றுதான் வருகிறது.

கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது ஓல்டு டவுனிலிருந்து, தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான உருவம். காட்டன் சேலை, தோளில் லேப்டாப் பை, கையில் டிபன் டப்பா. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாதிரி ஒரு அவசரம் அந்த நடையில் எப்போதும் இருக்கும்.

எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் முதலிலிருந்து யாரும் எழுதுவதில்லை. ஒரு சின்ன வேலையைச் செய்கிற பத்துப் பதினைந்து வரியைத் தனியாக எழுதி அதற்கு ஒரு பேர் வைத்துவிட்டால் போதும். அடுத்த புராஜெக்டில் அதே வேலை வந்தால் அந்தப் பத்து வரியை எடுத்துச் செருகிவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிடலாம். அதைத்தான் ஃபங்ஷன் என்பது. மேடம் தன்னுடைய ஃபங்ஷன்களுக்குத் தமிழில்தான் பேர் வைப்பார். சென்சாரிடம் எண்ணை வாங்கி வருவது 'பார்'. அந்த எண்ணை சிம் கார்டு வழியாக இன்டர்நெட்டுக்கு ஏற்றுவது 'அனுப்பு'. ஆபத்து என்றால் பஸ்ஸரை அடித்து மொபைலுக்கு மெசேஜ் போடுவது 'கத்து'. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே பாதி புராஜெக்டுகளை முடித்துவிடுவோம். பிள்ளைகள் செய்த பெட்டிகளெல்லாம் எண்களைக் கொண்டுவந்து போடுவதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் ஒரு வெப் பேஜ் போட்டிருந்தார். பெட்டிக்கு ஒரு நம்பர், பக்கத்தில் நேரம், அதற்குப் பக்கத்தில் எண். அவ்வளவுதான் அந்தப் பக்கம். காலையில் வந்ததும் சிலர் பேப்பர் பார்க்கிற மாதிரி மேடம் அதைப் பார்ப்பார்.

ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தலைமாட்டில் இரண்டு வரி எழுதி வைப்பார். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது. மனிதர் படிப்பதற்காக எழுதுவது. முதல் வரியில் இன்னதற்கு எழுதினது என்று இருக்கும். இரண்டாவது வரி எப்போதும் ஒன்றுதான்: வேறு எதற்காவது எடுத்தால் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. "ஊர்ல இருக்கறவன் எல்லாம் உங்கள வந்து கேப்பானா மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேக்க மாட்டாங்க. ஆனா எழுதாம இருக்க முடியல" என்றார். பிறகு அவராகவே சொன்னார். பத்தாவது படிக்கும்போது தெருவில் பலபேருக்கு மனு எழுதிக் கொடுப்பாராம். எழுதிக் கொடுத்ததோடு விடாமல், போஸ்ட் பண்ணீங்களா, பதில் வந்துச்சா என்று வீடு வீடாகப் போய் விசாரிப்பாராம். "எழுதிக் குடுத்தாச்சுல்ல, உனக்கு என்னாடி போச்சுன்னு திட்டுவாங்க. எனக்கு ஒண்ணும் போகல. எழுதினது போய்ச் சேர்ந்துச்சா, இல்ல அங்க போய் எதையாவது கெடுத்துச்சான்னு தெரியணும், அவ்வளவுதான்."

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் ஒரு விவசாயிக்குக் கிணற்றுத் தண்ணீரை அளக்கும் பெட்டி ஒன்று செய்து கொடுத்தோம். அவருடைய மகளின் புராஜெக்ட் அது. கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீர் மட்டத்தைப் பார்த்துச் சொல்லும். சித்திரை வெயிலில் ஒருநாள் அவரிடமிருந்து மேடத்துக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா, என் கெணறு ரொம்பி வழியுதுன்னு போன்ல மெசேஜ் வருது. நான் கெணத்துக்குள்ள எறங்கி நின்னுகிட்டுதான் பேசறேன். மொழங்காலுக்குத் தண்ணி இல்ல."

நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. மறுநாளே பஸ் ஏறிப் போனார். எலி ஒயரைக் கடித்திருந்தது. ஒயர் அறுந்தால் எண் நேராக உச்சிக்குப் போய்விடும். நிஜமான தண்ணீர் அந்த உச்சிக்கு ஒருபோதும் போகாது. ஆகவே 'பார்' என்கிற ஃபங்ஷனில் ஒரு வரியைச் சேர்த்தார். ஆயிரத்துக்கு மேல் எண் வந்தால் அது தண்ணீர் இல்லை, அறுந்த ஒயர். அதை நம்பாதே, கடைசியாகப் பார்த்த நல்ல எண்ணையே வைத்துக்கொள். கிணற்றுக்கு இதைவிட நல்ல வரி கிடையாது. அதன் பிறகு அந்தக் கிணறு ஒருநாளும் பொய் சொல்லவில்லை.

ஆனாலும் மேடம் மாதம் ஒருமுறை அவருக்குப் போன் போட்டு, "எப்படி இருக்குது?" என்பார். அந்தப் பெரியவர் தன்னைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லுவார். மேடம் முழுசையும் கேட்பார். பிறகுதான், "பெட்டி எப்படி இருக்குது?" என்று கேட்பார்.

இனி என்னுடைய பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு சிடி போட்டுக் கொடுக்கிறவன் நான். வெளியிலிருந்து வரும் வாத்தியார் புரோகிராமைத் திறந்து பார்க்கும்போது, இன்னதற்கு எழுதினது, என்னைக் கேளுங்கள் என்று யாரோ எழுதி வைத்திருந்தால் அந்தப் பிள்ளை மாட்டிக்கொள்ளும். அதனால் சிடி போடுவதற்கு முன்னால் தலைமாட்டில் இருக்கும் வரிகளையெல்லாம் அழித்துவிடுவேன். மேடத்திடம் இதைச் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

2010 தொடக்கத்தில், புராஜெக்ட் கொடுக்கிற சீசன் உச்சத்தில் இருந்தபோது, கடலூரில் கெமிக்கல் ஃபேக்டரிகளை ஒட்டியிருக்கிற குடிகாட்டிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவன் வந்தான். அவன் அம்மா வீட்டிலேயே இட்லி சுட்டு, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு விற்கிறார். கேஸ் கசிந்தால் சொல்லுகிற பெட்டி வேண்டும் என்றான்.

"எங்க ஊர்ல எப்பவும் ஏதாவது ஒரு வாடை இருக்கும் சார். கேஸ் வாடை தனியா தெரியாது. புராஜெக்ட் முடிஞ்சதும் அம்மா அடுப்படியில மாட்டிடுவேன்."

அந்த வாரம் மேடம் லீவு. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். எனக்கு வரிசையில் இன்னும் பல பேர் காத்திருந்தார்கள். கிணற்றுப் புரோகிராமைத் திறந்தேன். 'பார்', 'அனுப்பு', 'கத்து' மூன்றையும் அப்படியே எடுத்தேன். தண்ணீர் என்று இருந்த இடத்தில் கேஸ் என்று மாற்றினேன். சென்சாருக்குப் பக்கத்தில் சிகரெட் லைட்டரைப் பற்ற வைக்காமல் ஒரு நொடி அழுத்தி, கால் மணி காத்திராமல் உடனே பார்ப்பதற்காக ரீசெட் பட்டனைத் தட்டினேன். எண் எழுநூறுக்குப் போனது, பஸ்ஸர் அலறியது, பையன் மொபைலில் மெசேஜ் விழுந்தது. அவன் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஒரு காலையில் வேலை முடிந்துவிட்டது. தலைமாட்டு வரிகளை வழக்கம்போல அழித்துவிட்டு சிடி போட்டுக் கொடுத்தேன்.

மேடம் திரும்பி வந்து, "கேஸ் பெட்டிக்கு எத எடுத்தீங்க சார்?" என்றார்.

"நான் பாத்துக்கிட்டேன் மேடம்" என்றேன்.

இன்னொரு கேள்வி கேட்டிருப்பார். அதற்குள் படியில் நாலு பேர் ஏறி வந்தார்கள். அவர் கேட்காமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

அந்த வருஷம் மார்கழியில் ஒருநாள், சென்டரைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், எனக்குப் போன் வந்தது. அந்தப் பையன்தான். சென்னையில் வேலைக்குப் போய்விட்டிருந்தான். பஸ்ஸில் இருந்து பேசினான். காலையில் அம்மா அடுப்பைப் பற்ற வைத்தபோது தீ மொத்தமாகப் பிடித்துவிட்டது, கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றான். 

"கொஞ்ச முன்னாடிகூட பிரவுசிங் சென்டர்ல பாத்துட்டுதான் சார் பஸ் ஏறினேன். நூத்துப் பதினெட்டுன்னுதான் காட்டுது. இப்பவும் நல்லா இருக்குதுன்னுதான் சார் காட்டுது."

மேடம் ஏற்கெனவே அந்த வெப் பேஜைத் திறந்து வைத்திருந்தார். நான் சொன்னதும் குடிகாட்டுப் பெட்டியின் வரிசையைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே போனார். நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினெட்டு. கால் மணிக்கு ஒன்றாக ஒரே எண். முந்தின நாள் வரைக்கும் நூற்றுப் பதினாறு, பத்தொன்பது, பதினேழு என்று மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியிருந்த எண், அன்று விடிவதற்கு முன்னால் ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. மேடம் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கதான் கசிய ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

கால் மணி நேரத்துக்குள் கேஸ் அடுப்படி முழுக்க நிறைந்துவிட்டது. பெட்டி அடுத்த தடவை பார்த்தபோது எண் நேராக ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆயிரத்துக்கு மேல் வந்தால் அது அறுந்த ஒயர், நம்பாதே, கடைசியாகப் பார்த்த நல்ல எண்ணையே வைத்துக்கொள். பெட்டி சொன்னபடி செய்திருந்தது. தீயில் சென்சார் கருகி இப்போது ஒயர் நிஜமாகவே அறுந்துவிட்டது. பெட்டி மட்டும் கூடத்துச் சுவரில் பத்திரமாக இருந்துகொண்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு நூற்றுப் பதினெட்டு வந்து உட்கார்ந்தது.

"இது ஸ்ரீமுஷ்ணம் ஃபங்ஷன்" என்றார் மேடம். குரல் ஏறவில்லை. "மேல ரெண்டு வரி இருந்திருக்குமே சார்?"

"பையன் அழிச்சிருப்பான் மேடம்" என்றேன்.

அந்த வாக்கியம் எப்படி அவ்வளவு சீக்கிரம் என் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த அம்மாவுக்கு உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். கழுத்திலும் இரண்டு கைகளிலும் காயம். வலது கை ரொம்ப மோசம். கட்டுக்குள் இருந்த கையைப் போர்வைமேல் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் யாரென்று கேட்டார். பையன் சொன்னான்.

"அது கத்தலயேம்மா" என்றார் மேடத்தைப் பார்த்து. குறை சொல்கிற தொனி இல்லை. நடந்ததைச் சொன்னார். "முன்னெல்லாம் எழுந்ததும் ஜன்னலத் தொறந்து வச்சிட்டு, வாசத் தெளிச்சிட்டு வந்துதான் பத்த வைப்பேன். அது வந்ததுலேருந்து அந்தப் பயம் விட்டுப் போச்சு. அது கத்தல, அதான் தைரியமா பத்த வச்சிட்டேன்."

மேடம் கட்டில் ஓரத்தில் குனிந்து, "நான் எழுதினதுதாம்மா அது" என்றார்.

நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய இடம் அதுதான். நர்ஸ் வந்து கூட்டம் போடாதீங்க என்றதும் முதலில் வெளியே வந்தவன் நான்.

அடுத்த வாரம் மேடம் என்னிடம் ஒரு கணக்கு கேட்டார். அந்த 'பார்' எந்தெந்தப் பெட்டிக்குள் போயிருக்கிறது என்று. என் சிடிக்களைத் தேடி எழுதிக் கொடுத்தேன். ஒன்பது பெட்டிகள்.

2011 முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின. ஓ.டி. சர்ச்சில் காலைப் பூசை முடித்துவிட்டு மேடம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். நான் சிதம்பரத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்வேன். என்னை வரச்சொல்லி அவர் கட்டாயப்படுத்தவில்லை. "ஞாயித்துக்கெழமை பரங்கிப்பேட்டை போறேன், வர்றீங்களா?" என்பார். வரவில்லை என்று என்னால் சொல்ல முடிந்ததே இல்லை.

சில பெட்டிகள் பரணில் கிடந்தன. சில ஓடிக்கொண்டிருந்தன. செம்மங்குப்பத்தில் ஒரு வீட்டில் கோழி முட்டைக்குச் சூடு பார்க்க வைத்திருந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில், மருந்து வைக்கிற ஃபிரிட்ஜுக்குள் ஒன்று. எல்லா வீட்டிலும் மேடம் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்.

"இதுக்குள்ள நான் எழுதின ஒரு வரி இருக்குது. அத எடுக்க வந்திருக்கேன்."

மெடிக்கல் ஷாப்காரர், "நல்லாத்தானம்மா ஓடுது?" என்றார்.

"நல்லா ஓடுதுங்க. தப்பானப்பவும் நல்லா ஓடுதுன்னுதான் காட்டும்."

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். மேடம் கடை வாசல் படியிலேயே உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, அந்த வரியை எடுத்துவிட்டு வேறு எழுதி ஏற்றினார். உச்சியில் எண் வந்தால் இனி அந்தப் பெட்டி கத்தும். அறுந்த ஒயராக இருந்தாலும் கத்தும். பொய்யாகக் கத்தினால் வந்து பாருங்கள், கத்தாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று அவருக்குப் பொறுமையாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். முட்டைக்காரர் வீட்டில் அந்த வரியால் ஒரு ஆபத்தும் வந்திருக்காது. நான் சொல்லியும் பார்த்தேன். "நாளைக்கு இவுங்ககிட்டேருந்து யாராவது எடுப்பாங்க சார்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவார். அதிகம் பேச மாட்டார். ஒருமுறை பு.முட்லூர் தாண்டி வந்துகொண்டிருந்தபோது, "சார், ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் எடுத்துக்கறது தப்பா?" என்றார்.

"இல்ல மேடம். எல்லாரும் அப்படித்தானே செய்யறோம்."

"ஆமா, தப்பே இல்ல. எல்லாத்தையும் முதல்லேருந்து எழுதணும்னா ஒருத்தரும் ஒண்ணையும் முடிக்க முடியாது. எடுத்துக்கறதுக்குத்தான் எழுதறதே." அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி முடிந்துவிட்டது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை. நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு, எதிர் சீட்டின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

ஒன்பதும் முடிந்தது. முடியவில்லை என்று அந்த வெப் பேஜ் சொன்னது. எங்கள் கணக்கில் இல்லாத ஒரு பெட்டியும் அதில் எண்களைப் போட்டுக்கொண்டிருந்தது. முந்நூற்றுப் பத்து, முந்நூற்று இருபது என்று ஏறி இறங்கும். எந்த ஊர், என்ன பெட்டி, தண்ணீரா, சூடா, காற்றா, ஒன்றும் தெரியாது. நான் கொடுத்த சிடி பென் டிரைவாகி, ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குப் போய், யாரோ எங்கேயோ மேடத்தின் ஃபங்ஷனை அப்படியே வைத்து ஒரு பெட்டி செய்திருக்கிறான். எண் போக வேண்டிய விலாசத்தைக்கூட மாற்றவில்லை.

மேடம் எனக்குத் தெரிந்த கல்லூரி எல்லாவற்றிலும் விசாரித்தார். தெரியாத கல்லூரிகளிலும் விசாரித்தார். தினமும் காலையில் முதலில் அந்த வரிசையைத்தான் பார்ப்பார். எண் அசைந்தால் ஒரு மூச்சு விடுவார். இரண்டு தடவை சேர்ந்தாற்போல் ஒரே எண் வந்தால், மூன்றாவது வரும்வரைக்கும் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போக மாட்டார். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடங்களை அடுக்குகிற சத்தம் கீழேயிருந்து வந்துகொண்டிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் யாரென்றே தெரியாத ஒருவர் வீட்டுக் காற்றையோ தண்ணீரையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த வருஷக் கடைசியில் புயல் அடித்தது. கடலூர்ப் பக்கம் மரம் ஒன்று மிச்சமில்லை, கரண்ட் கம்பம் ஒன்று நிற்கவில்லை. வாரக்கணக்கில் இருட்டு. எங்களுக்குக் கரண்ட் வந்ததும் முதல் வேலையாகப் பக்கத்தைத் திறந்தோம். அந்தப் பெட்டி புயல் அன்றைக்கு நின்றிருந்தது. கடைசி நாலு எண்ணும் ஒரே எண். மற்ற ஊர்களுக்கெல்லாம் கரண்ட் வந்த பிறகும் அது மறுபடி வரவில்லை.

"கரண்ட் இல்லாம இருந்திருக்கும் மேடம். அப்புறம் கழட்டிப் போட்டிருப்பாங்க" என்றேன்.

"கரண்ட் போனா நாலு தடவ அனுப்பாது சார். ஒரேயடியா நின்னுடும்" என்றார். 

பொங்கல் முடிந்து வேலையை விட்டார். கோயம்புத்தூரில் தம்பி இருந்தான். அங்கே ஒரு பம்ப் செட் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. கிளம்பும் அன்று அவருடைய மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு, "ஒருநாள் குடிகாட்டுக்குப் போய்ட்டு வாங்க சார். அந்தம்மாவப் பாருங்க" என்றார். சரி என்றேன். அவர் படியிறங்கும்போது நான் ஒரு மாணவனோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்தியிருக்கலாம்.

போவதற்கு எனக்கு ஆறு மாதம் ஆனது.

புயலில் கூரை போய், புதிதாக ஷீட் போட்ட வீடு. வாசலில் இட்லிக் கடை பெஞ்சு இல்லை. அந்த அம்மா உள்ளேயிருந்து வந்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். நாற்காலி போட்டார். பையனுக்குச் சம்பளம் உயர்ந்தது, பெண் பார்ப்பது எல்லாம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒன்கூட வந்த அந்தம்மா எப்படி இருக்குது? நல்ல பொண்ணு. ஆஸ்பத்திரியிலேருந்து நான் வந்த ரெண்டாவது வாரமே தனியா வந்துச்சு. பையனும் இருந்தான். லேப்டாப்ப அவன் முன்னாடி வச்சு, இதுல நீ எதையாவது அழிச்சியாப்பான்னு கேட்டுச்சு. அவனுக்கு அதத் தொறக்கவே தெரியல."

 இரண்டாவது வாரம். அது தெரிந்த பிறகும்தான் ஞாயிறுதோறும் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"யாரும்மா அழிச்சாங்கன்னு நானும் கேட்டேன்" என்றார் அந்த அம்மா. "தெரியும், ஆனா நான் சொல்றது மொற இல்லன்னுச்சு. ஒனக்குத் தெரியுமா தம்பி?"

நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார்.

"நான்தாம்மா" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. 

"எதுக்குப்பா அழிச்ச?"

"வாத்தியார் பாத்தா, ஒங்க பையன் எழுதினது இல்லன்னு கண்டுபிடிச்சிடுவாங்கன்னு."

"அவன் எழுதலன்னு எனக்கே தெரியுமே" என்றார். "அவனுக்கு என்னா தெரியும்? யாரோ வெவரம் தெரிஞ்சவங்க எழுதிக் குடுத்திருக்காங்கன்னுதான் நம்பி மாட்டினேன்."

 மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பாதி வழியில், ஒரு சாய்ந்த பனைமரத்துப் பக்கத்தில் நின்று மேடத்துக்குப் போன் போட்டேன். ஆறு மாதத்தில் முதல் தடவை.

"குடிகாட்டுல இருக்கேன் மேடம். அந்தம்மாவப் பாத்துட்டு வர்றேன்."

அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் எங்கேயோ நடந்து வெளியே வந்ததும் அது குறைந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் மேடம்."

"சரி சார்" என்றார். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. பிறகு, "அவுங்க வலது கை இப்ப மடங்குதா? விரல் நாலும் சேந்து மடங்காம இருந்துச்சு. எண்ணெய் போட்டு நீவச் சொல்லியிருந்தேன்" என்றார்.

அரை மணி நேரம் அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் நாற்காலியை எந்தக் கையால் இழுத்துப் போட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை.

"இருங்க மேடம், கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தேன்.